பொட்டு வச்சதெல்லாம்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்பது வரை எண்ணுவதற்கு அது போதும்.

எண்ண வேண்டிய ஒன்பதும் சைகோன் வீட்டு மாடியில் இருக்கின்றன. பொன்னமராவதி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே அந்த வீட்டைத் திறந்து, கூட்டி, துடைத்து, பூட்டுகிற வேலை எனக்கு. இருபது வருசம் ஆகப்போகிறது. காலையில் திறந்ததும் மாடிக்குப் போய் எண்ணுவேன். சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால் எண்ணுவேன். பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்த் திறந்து எண்ணிய நாளும் உண்டு. யாரும் என்னை எண்ணச் சொன்னதில்லை.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் காலத்தில் ஒரு பித்தளை விளக்கு காணாமல் போனது. நாலைந்து மாதம் கழித்து அது பரணில் ஒரு அண்டாவுக்குள் கிடைத்தது. வைத்தவர்களே மறந்துபோயிருந்தார்கள். விளக்கு கிடைத்ததே தவிர அவர் பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. கடைசி வரைக்கும் ஊரில் அவருக்கு ‘விளக்கு’ என்றுதான் பெயர். அவர் வீட்டுக்கு வழி கேட்டால் இன்றைக்கும் ‘விளக்கு வீடா, அங்கிட்டு’ என்று கை காட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் இதைத்தான் யோசித்தேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியட்நாமில் இருக்கிற சைகோன் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் இந்த வீட்டுப் பெரியவர் அங்கே கொடுக்கல் வாங்கல் செய்தவர். அங்கே ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போனபோது அவர்கள் வீட்டு முன்னறையை அப்படியே வாங்கிவிட்டார். அப்படியே என்றால், சுவரில் பதித்திருந்த மரப்பலகை வரைக்கும். எல்லாவற்றையும் பெட்டி கட்டிக் கப்பலில் கொண்டுவந்து, அந்தப் பலகைகளின் அளவுக்குத் தகுந்தபடி மாடியில் ஒரு அறை கட்டினார். கீழே எங்கள் பக்கத்து வீடுகள் மாதிரி தூணும் முற்றமும். மேலே போனால் வேறு தேசம். பலகைக்கு மேல் சுவரெல்லாம் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் சலவைக்கல்லில் கணப்பு அடுப்பு, குளிர்காய்வதற்கு. புதுக்கோட்டை ஜில்லாவில் குளிர்காய்வதற்கு. அதற்குப் புகைக்கூண்டு வைக்க மட்டும் யாரும் மெனக்கெடவில்லை. நான் சேர்ந்தபோது அடுப்புக்குள் ஒரு பிள்ளையார் இருந்தார்.

அடுப்புக்கு மேல் தங்கப் பூச்சுச் சட்டம் போட்ட கண்ணாடி. ஒரு கடிகாரம், ஒரு சோபா, இரண்டு கைவைத்த நாற்காலி, சலவைக்கல் மேசை, தொங்கு விளக்கு. கடைசியாகக் குட்டை நாற்காலி. அடுப்போடு சேர்த்து ஒன்பது. இந்த மாதிரி அறைக்குப் பிரெஞ்சில் ‘சலோன்’ என்று பெயராம். வீட்டுக்காரர்கள் அப்படிச் சொல்லிச் சொல்லி, ஊர் வாயில் அது சலூன் ஆகிவிட்டது. பால்காரர் தினமும் கேட்பார், “என்னக்கா, சலூன் தொறந்தாச்சா? சேவிங் உண்டா, கட்டிங் மட்டுமா?”

வீட்டுக்காரர்கள் இப்போது சென்னையில். பெரிய பங்கு அந்தப் பெரியவரின் பேத்திக்கு, நாங்கள் ஆச்சி என்போம். மற்ற பங்காளிகள் வீட்டைப் பிரித்து மரத்தையும் கல்லையும் விற்கலாம் என்றார்கள். ஆச்சி விடவில்லை. பேச்சுவார்த்தையில் கடைசியாக ஒரு முடிவு வந்தது. சலூன் அறை படத்தில் இருப்பது மாதிரி முழுசாக இருந்தால் வீட்டைக் காப்பாற்றிப் பத்து பேர் பார்க்கும்படி வைப்பது. முழுசாக இல்லையென்றால் பிரிப்பது. படம் என்றால், சைகோனில் எடுத்த பழைய போட்டோ. அதில் ஒன்பதும் இருக்கும். சன்னலோரம் குட்டை நாற்காலியும் இருக்கும்.

அந்த நாற்காலி யாருக்கும் உபயோகம் இல்லாதது. உட்காரும் பலகை முழங்காலுக்குக் கீழே இருக்கும். முதுகுப் பலகை மட்டும் உயரம், அதன் உச்சியில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு திண்டு. கால் ஒடிந்ததை அறுத்துச் சமன் பண்ணியிருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு மட்டும் உபயோகப்பட்டது. சுவர்ப் பலகையின் அடிப்பாகத்தைத் துடைக்க அந்த உயரம் சரியாக இருக்கும். இருபது வருசம் அதில் உட்கார்ந்துதான் துடைத்தேன்.

புதுச்சேரியில் இந்த மாதிரி வீடுகளைச் சரிபண்ணிப் பழகிய ஒரு இன்ஜினியர் பெண்ணை ஆச்சி அனுப்பினார்கள். என் மகள் வயசுதான், ஆனால் நான் மேடம் என்பேன். அது என்னை அக்கா என்னும். முதல் நாள் மரப்பலகையை விரலால் தொட்டுப் பார்த்து முகர்ந்தது.

“அக்கா, இதுல என்ன தடவுறீங்க?”

“தேங்கா எண்ணெய் மேடம். பொங்கலுக்கு ஒருவாட்டி, தீபாவளிக்கு ஒருவாட்டி.”

அது விரலைத் துணியில் துடைத்துக்கொண்டது. கடிகாரத்தின் பித்தளையைப் பார்த்தது. “இது?”

“புளி.”

அன்றைக்கு அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. மறுநாள் எனக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தது. எண்ணெய் கூடாது, அழுக்கு ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி கூடாது. சுவர்க் காகிதத்தை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டிவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. மத்தியான வெயில் சன்னலில் ஏறுவதற்கு முன் திரையை இழுத்துவிட வேண்டும். இருபது வருசமாக நான் காப்பாற்றியதாக நினைத்ததில் பாதி கெடுத்தது என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய் அதையே சொல்லிப் புலம்பினேன். வீட்டுக்காரர், அதாவது என் வீட்டுக்காரர், “கெடுத்தாலும் நீதான கெடுத்த, வேற யாரும் வந்து கெடுக்கலைல்ல?” என்றார். அவர் ஆறுதல் சொல்கிற விதம் அது.

வீட்டில் பின்னால் வந்து சேர்ந்த சாமான்கள் நிறைய. இரும்புக் கட்டில், ஸ்டீல் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத கிரைண்டர், டியூப்லைட் பட்டிகள். இவையெல்லாம் போக வேண்டும். எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று மேடம் ஒவ்வொன்றிலும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வந்தது. பச்சை என்றால் இருப்பது, சிவப்பு என்றால் போவது. மாடியில் ஒன்பதில் மட்டும் எதுவும் ஒட்டவில்லை, பசை மரத்துக்கு ஆகாதாம். பாதியில் சிவப்பு தீர்ந்துவிட்டது. பொன்னமராவதிக்குப் போய் ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை பத்து வாங்கி வந்தேன். போக வேண்டியதில் மிச்சத்துக்கெல்லாம் அதைத்தான் ஒட்டினோம், முதலில் ஒட்டிய சிவப்பையும் பொட்டு என்றே சொல்லப் பழகிவிட்டோம். ஓடாத கிரைண்டர் சிவப்புப் பொட்டோடு நின்றது.

“ஏ புள்ள, அந்தப் பொண்ணு வீட்டுக்கே பூ முடிச்சு நலுங்கு வச்சிரும்போலருக்கே” என்றார் என் வீட்டுக்காரர்.

போகவேண்டியதை எடுத்துக்கொள்ள ஆச்சி காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் பேசி வைத்தார்கள். மேடம் எல்லாவற்றையும் கீழே முற்றத்துக்கு இறக்க வைத்துவிட்டுப் புதுச்சேரி போனது. அந்த வாரம்தான் ஆயுத பூசை.

ஆயுத பூசைக்கு நான் அந்த வீட்டில் ஒன்றுவிடாமல் பொட்டு வைப்பேன். கதவு, சன்னல், உரல், திருகை, மாடியில் ஒன்பது. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். ஆச்சி முதல் வருசம் சொன்னது, ஒரு வருசமும் விட்டதில்லை. இந்தத் தடவை பயமாக இருந்ததால் மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். “பண்ணுங்கக்கா, வழக்கத்த நான் ஏன் நிறுத்தணும்? எண்ணெய் மட்டும் வேணாம்” என்றது.

வைத்தேன். குட்டை நாற்காலிக்கு எப்போதும் வைக்கிற இடத்தில், முதுகுப் பலகையின் நடுவில். அங்கே ஏற்கெனவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு ஊறியிருக்கும். மாடி முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். உரலுக்கும் வாசல் கதவின் கீழ்க் கீலுக்கும் பொட்டு வைக்கக் குனிந்தால் இடுப்பு பிடிக்கும், அதனால். முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாற்காலியை உரல் பக்கம் விட்டுவிட்டு முற்றத்துச் சன்னல்களை அடைக்க ஓடினேன். சாயங்காலம் மாடியில் எட்டு எண்ணினேன். ஒன்பதாவது கீழே இருக்கிறது என்று தெரிந்தே எண்ணினேன். நாளைக்குத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பூட்டினேன்.

மறுநாள் கந்தர்வக்கோட்டையில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில் கடைக்காரர் போன் போட்டார்.

“அக்கா, வண்டி இன்னைக்கே ஒங்க பக்கம் வருது. ஏத்திரவா? எது எதுன்னு சொல்லுங்க.”

பஸ்ஸில் பாட்டு. நான் கத்தித்தான் சொன்னேன். “பொட்டு வச்சதெல்லாம் எடுத்துக்கங்க. பொட்டு இல்லாததத் தொடாதீங்க.” எனக்கு எதையும் இரண்டு தடவை சொல்லாவிட்டால் மனசு ஆறாது. இரண்டாவது தடவையும் சொன்னேன். பிறகு வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சாவியை எடுத்துப் போய்த் திறந்துவிடச் சொல்லி, அவரிடமும் அதையே சொன்னேன். பொட்டு வச்சதெல்லாம்.

நாலு மணிக்குத் திரும்பினேன். கையில் வளைகாப்பு வளையலோடு நேராகச் சைகோன் வீட்டுக்குத்தான் போனேன். முற்றம் காலி. மாடிக்குப் போய் எண்ணினேன், எட்டு. கீழே வந்து உரல் பக்கம் பார்த்தேன். நாற்காலிக் கால் பட்ட நாலு ஈரத் தடம் காய்ந்துபோய் இருந்தது.

“குட்ட நாக்காலி எங்க?”

“அதான் எடுத்துட்டுப் போயிட்டானுங்களே” என்றார், சாவியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்.

“அத எதுக்கு எடுத்தானுங்க?”

“பொட்டு வச்சிருந்துச்சுல்ல.”

“அது குங்குமம்! நான் சொன்னது ஸ்டிக்கர.”

“பொட்டுன்னுதான சொன்ன? குங்குமத்தால வச்சா அதுக்குப் பேரு என்ன?” என்றார்.  அவரே மேலே சொன்னார். “அவனுங்களும் திகைச்சுத்தான் போனானுங்க. வாசக்கதவுக்கும் பொட்டு இருக்கே, கழட்டவான்னு கேட்டானுங்க. நாந்தான் அது வேணாம்னேன். ஒரலத் தூக்கிப் பாத்தானுங்க, அசையல, விட்டுட்டானுங்க. என் சைக்கிளக் கூட ஏத்திட்டானுங்க. சண்ட போட்டு எறக்கினேன்.”

“சைக்கிள ஏத்தினப்பவாச்சும் ஒங்களுக்குத் தோணலையா?”

“சைக்கிள் எனக்குச் சொந்தம், தோணுச்சு. நாக்காலி ஒனக்குத்தான தெரியும்?”

மாடிக்கு ஏறச் சோம்பல்பட்டு அவர்கள் கீழே இருந்ததோடு போய்விட்டார்கள். இல்லையென்றால் எட்டும் போயிருக்கும். அதை நினைத்துச் சந்தோசப்பட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் நினைத்தது வேறு. படத்தில் ஒன்பது, அறையில் எட்டு. பங்காளிகள் கேட்பார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் ஊர் என்ன சொல்லிக் கை காட்டும் என்றும் தெரிந்தது. நாற்காலி வீடா, இங்கிட்டு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மேடத்திடம் சொல்லவில்லை. ஆச்சியிடமும் சொல்லவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் காரைக்குடி போனேன்.

கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்டில், எங்கள் பீரோ எல்லாம் வாசலிலேயே கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கின் உச்சியில் குட்டை நாற்காலி, கால்கள் மேலே பார்க்க. சந்தனத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“சரிக்கா. ஆனா நீங்கதான பொட்டு வச்சதெல்லாம்னு ரெண்டுவாட்டி சொன்னீங்க?”

“சொன்னேண்ணே. இது அந்தப் பொட்டு இல்ல. இங்க பாருங்க, இருபது வருசக் கறை. நான் வச்சதுதான்.”

அவர் சிரித்தார். என்னைக் கடைக்குள் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு கதவு நிலை, ஒரு கல்லாப்பெட்டி, ஒரு ஆடுகிற தொட்டில், ஒரு தையல் மிஷின் மேசை. எல்லாவற்றிலும் அதே இடத்தில், நடுவில், அதே சிவப்பு. “இந்தக் கடையில பொட்டுக் கறை இல்லாத சாமான் ஒண்ணக் காட்டுங்க பாப்போம்” என்றார்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னார். “எடுத்தது ஒங்க வீட்லதான், நான் இல்லைங்கல. ஆனா நீங்க அங்க வேலை பாக்குறவங்க. நாளைக்கு வீட்டுக்காரங்க வந்து, அவட்ட எதுக்குய்யா குடுத்தன்னு கேட்டா நான் என்ன சொல்றது? தப்பா நெனைக்காதீங்க. ஆச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும், தூக்கிட்டுப் போங்க.”

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இருபது வருசமாக யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இருந்ததை ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டுவிட்டார், அவ்வளவுதான். நானே போன் போட்டேன். ஆச்சியிடம் மளமளவென்று சொன்னேன். ஸ்டிக்கர் பொட்டு, குங்குமப் பொட்டு, மழை, வளைகாப்பு, சைக்கிள்.

“இரு, இரு. குட்டை நாக்காலியா? கால் ஒடிஞ்சு கெடக்குமே, அதா?”

“ஒடியல ஆச்சி. அது அம்புட்டுத்தான்.”

“அது இன்னுமா இருக்கு?”

“இருக்கு ஆச்சி. படத்துல சன்னலோரம் இருக்குமே.”

 பிறகு, “ஏண்டி, இப்ப நீ எடுத்தேன்னு யாரும் சொன்னாங்களா?” என்றார்கள்.

“இல்ல ஆச்சி.”

“நான் சொன்னேனா?”

“இல்ல ஆச்சி.”

“பெறகு எதுக்கு இந்த வெயில்ல காரைக்குடி போயி நிக்கிற? போனக் கடைக்காரன்ட்டக் குடு.”

கடைக்காரர் “ஆகட்டும் ஆச்சி, ஆகட்டும்” என்று நாலு தடவை சொன்னார். நாற்காலியை அவரே இறக்கித் துணியால் துடைக்கப் போனார். ஈரத்துணி. நான் பிடுங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் பார்த்தார். “என்ன ஆத்தா, நம்ம வண்டியில சீட்டு கெடைக்காதுன்னு வீட்லருந்தே கொண்டாந்துட்டீகளா?” பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஓட்டுநருக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்து, அதன் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடைக்காரம்மா ஒருவர், “செத்த உக்காந்துக்கிறேனே, காலு கடுக்குது” என்றார்.

“உக்காராதீங்கம்மா.”

“நீயும் உக்கார மாட்டேங்குற, அடுத்தவளையும் விட மாட்டேங்குற. சாமியா அது?”

திண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்திருக்கலாம், இருபது வருசம் உட்கார்ந்தவள்தான். அன்றைக்கு ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். மாடியில் சன்னலோரம் வைத்து, ஒன்பது எண்ணி, பூட்டினேன்.

மேடம் அடுத்த வாரம் வந்தது. பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது கேட்டு முடித்து, “நாற்காலிதான் வந்துடுச்சேக்கா. சொல்லாமலே விட்டிருக்கலாமே?” என்றது.

“ரெண்டு சாயங்காலம் எட்டோட பூட்டியிருக்கேனே மேடம்.”

அது என்னை ஒரு மாதிரி பார்த்தது. பிறகு நாற்காலிக்கு எதிரே போய், அந்தக் குட்டைப் பலகையில் உட்காராமல் முழங்காலை வைத்தது. முதுகுப் பலகையைப் பார்த்த வாக்கில், உச்சித் திண்டில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் கையைக் கூப்பியது. “இது உக்கார்ற நாற்காலியே இல்லக்கா. வீட்லயே முட்டி போட்டு ஜெபம் பண்றதுக்கு. கால ஒண்ணும் யாரும் அறுக்கல.” முட்டி போட்டபடியே குனிந்து, நெஞ்சுக்கு நேராக இருந்த என் குங்குமக் கறையைப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஸ்டிக்கர் பொட்டு இல்லை. எல்லாவற்றுக்கும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு வந்தது. ஒன்பதிலும் இருந்த பொட்டுக் கறையை மேடம் பஞ்சு வைத்து நாள் கணக்கில் எடுத்தது. எட்டில் போய்விட்டது. நாற்காலியில் போகவில்லை. மரத்துக்குள் இறங்கிவிட்டது, மேலும் சுரண்டினால் மரம் போகும் என்று விட்டுவிட்டது.

பங்காளிகள் வந்து படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார்கள். நான் வாசலில் நின்று அவர்களோடு சேர்ந்து மனசுக்குள் எண்ணினேன். சரியாக இருந்தது. வீடு நின்றது.

இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்ன அட்டை வைத்திருக்கிறார்கள், தமிழிலும் இங்கிலீஷிலும். எனக்குப் பொடி எழுத்து தெரியவில்லை. பத்தாவது வரை படித்த என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குட்டை நாற்காலி அட்டையை வாசித்தார். ஜெப நாற்காலி, சைகோனிலிருந்து வந்தது என்று நாலு வரி. கடைசி வரி, ‘முதுகுப் பலகையில் உள்ள சிவப்புக் கறை பிற்காலத்தது.’

“ஒன்னயத்தான் போட்டுருக்காக” என்றார்.

“பேர் போடலையே?”

“போடல, போடல.”

சுவர்ப் பலகையின் அடிப்பாகத்தை இப்போது தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து துடைக்கிறேன். இந்த வருசம் ஆயுத பூசைக்கு மேடம், வாசல் நிலைக்கும் உரலுக்கும் வைத்துக்கொள்ளலாம், மாடியில் வேண்டாம் என்றது. அப்படியே செய்தேன். நானாகச் சாவிக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். சாவியை எவனும் வண்டியில் ஏற்றமாட்டான். இருந்தாலும் அன்றைக்கு முழுக்க அதை இடுப்பிலேயே சொருகி வைத்திருந்தேன்.